ஆயிரம் மீட்டரும் ஒரு அம்மாவும்

1996 டிசம்பர் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. சிலிகா ஏரி, பழவேற்காடு ஏரி இரண்டையும் சுற்றி 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை அமைக்கக் கூடாது, ஏற்கெனவே இருப்பவற்றை 1997 மார்ச் 31-க்குள் மூடி இடித்துவிட வேண்டும் என்பது அதில் ஒரு கட்டளை. பழைய நாட்டு முறை வளர்ப்புக்கு மட்டும் விலக்கு உண்டு. நம்ம ஏரியின் பெயர் அந்தத் தீர்ப்பில் எழுத்திலேயே இருக்கிறது.

லைட்ஹவுஸ் குப்பத்திலோ பழவேற்காடு பஜாரிலோ பத்துப் பேரை நிறுத்தி, "இந்தத் தீர்ப்பு யாரால் வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவராவது சரியாகப் பதில் சொன்னால் ஆச்சரியம்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வழக்குப் போட்டவர் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன். 'ஜெகந்நாத் எதிர் இந்திய அரசு' என்றுதான் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அந்தப் போராட்டத்தில் பாதி, பாதிக்கு மேல் என்றே சொல்வேன், அவர் மனைவி கிருஷ்ணம்மாள் அம்மாவுடையது. அவர் பிறந்தது 1926-ல், இன்றைய திண்டுக்கல் மாவட்டத்து அய்யன்கோட்டையில், நிலமில்லாத ஒரு தலித் குடும்பத்தில். தகப்பனார் சீக்கிரமே போய்விட்டார். தாயார் கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் பிள்ளை அந்தக் காலத்தில் கல்லூரி வரை படித்து வந்தது சாதாரண விஷயமா? வயதான நமக்குத் தெரியும், நம்ம பக்கத்தில் அன்றைக்குப் பெண் பிள்ளைகள் எந்த வகுப்போடு நின்றார்கள் என்று.

1950-ல் ஜெகந்நாதனுக்கும் அவருக்கும் திருமணம். ஜெகந்நாதன் வசதியான வீட்டுப் பிள்ளை, வேறு சாதி. வினோபா பாவேயின் பூதான இயக்கத்தில் இருவரும் ஊர் ஊராக நடந்தார்கள். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்ட ஏழை ஜனங்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். செய்தியைப் படித்துவிட்டு நாமெல்லாம் உச்சுக் கொட்டினோம். அந்த அம்மா மூட்டை கட்டிக்கொண்டு அந்தப் பக்கமே குடிபோனார். நாகப்பட்டினம் பக்கம் கூத்தூர்தான் பிறகு அவருக்கு ஊர்.

அங்கே போய் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். கூட்டம் போட்டு முழங்கிவிட்டுத் திரும்பவில்லை. 1981-ல் 'லாப்டி' என்று ஓர் அமைப்பை இருவரும் தொடங்கினார்கள். உழுகிறவனுக்கு நிலம் என்பது அதன் நோக்கம். நிலம் வைத்திருப்பவரையும் நிலமில்லாதவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசி ஒரு விலைக்கு வருவது, வங்கிக் கடனும் அரசு உதவியும் வாங்கிப் பணத்தைக் கட்டுவது, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்று பிரித்துப் பத்திரம் பதிவது. அதுவும் பெண்கள் பெயரில். இப்படிச் சுமார் 13,000 குடும்பங்களுக்கு நிலம் கிடைத்தது. பெண் பெயரில் பத்திரம் இருந்தால் அது கள்ளுக்கடைக்குப் போகாது என்று நம்ம ஊர் ஆச்சிமாருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இப்படிப் பாடுபட்டுக் கைக்கு வந்த நிலத்துக்குப் பக்கத்திலேயே 1990-களின் தொடக்கத்தில் இறால் கம்பெனிகள் வந்து இறங்கின. வயலை வெட்டிக் குளமாக்கி உப்புத் தண்ணீரை நிரப்பினார்கள். அது ஊறிப் பக்கத்து வயல் கெட்டது, குடிதண்ணீர்க் கிணறு உப்பானது. குளத்தில் போட்ட தீனியும் மருந்தும் கலந்த கழிவுத் தண்ணீர் வாய்க்காலில் போய் விழுந்தது. நடவு, களையெடுப்பு என்று நூறு பெண்கள் வேலை செய்த இடத்தில் காவலுக்கு நாலு பேர் போதும் என்றானது. நிலம் வாங்கிக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது என்று அம்மா சொல்லியிருக்கலாம். வயதும் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பெண்களைக் கூட்டிக்கொண்டு சத்தியாக்கிரகத்தில் இறங்கினார். அது வழக்காகி டெல்லி வரை போனது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, நாக்பூர் சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனமான நீரியை விட்டு ஆய்வு செய்யச் சொல்லி, அதன் அறிக்கையையும் பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னது. நஞ்சை, உப்பளம், சதுப்பு நிலம், கிராமப் பொது நிலம் எதையும் இறால் குளமாக மாற்றக் கூடாது என்றது. வேலை போகிற தொழிலாளருக்கு நஷ்ட ஈடு தரச் சொன்னது. நாகப்பட்டினத்துப் பெண்கள் தங்கள் கிணற்றுக்காகத் தொடங்கிய சண்டையில் நம்ம ஏரிக்கும் ஆயிரம் மீட்டர் கிடைத்தது.

"பண்ணை வந்தால் நாலு பேருக்கு வேலை, அதை ஏன் தடுக்க வேண்டும்?" என்று நம்மவர்களே சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான், பதில் சொல்ல வேண்டும். 1994, 95-ல் வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோது ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் பண்ணை பண்ணையாகப் படுத்துப்போனது. முதலாளி போட்ட பணம் போனதோடு எழுந்து போய்விட்டார். உப்பு ஊறிய நிலம் ஊராருக்கு மிஞ்சியது. நம்ம ஏரி இறாலுக்கு முதலாளி கிடையாது. அது கடலில் முட்டையிட்டு, குஞ்சாக முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, ஏரியில் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்புகிறது. தீனி, மருந்து, கரண்ட் எந்தச் செலவும் இல்லை. நடுவில் பிடித்து ஒரு ஏழைக் குடும்பம் சாப்பிடுகிறது. சேற்றில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்கு வலைகூட வேண்டாம், படகு வேண்டாம். ஏரித் தண்ணீர் கெட்டால் முதலில் பட்டினி கிடப்பவர்கள் அவர்கள்தான். நாலு பேர் வேலையை இந்தக் கணக்கோடு சேர்த்து வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. ஏரியைப் பங்கு போட்டுக்கொள்ள நம்மிடம் பாடு முறை இருக்கிறது. தலைக்கட்டுக்குத் தலைக்கட்டு சீட்டுப் போட்டு, இன்றைக்கு உனக்கு இந்த இடம், நாளைக்கு எனக்கு என்று முறை வைத்துப் பிழைத்த ஜனங்கள் நாம். அந்த முறையிலும் குறை உண்டு. பெண்களுக்கும், பாடு இல்லாத சாதிகளுக்கும் அதில் இடம் குறைவு. அந்தக் குறையைத்தான் கிருஷ்ணம்மாள் அம்மா நிலத்தில் சரிசெய்து காட்டினார். பங்கு என்றால் கடைசியில் நிற்பவளுக்கும் பங்கு, பத்திரத்தில் அவள் பெயர்.

1989-ல் பத்மஸ்ரீ, 2008-ல் கணவரோடு சேர்த்து 'மாற்று நோபல்' எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது, 2020-ல் பத்மபூஷண். எல்லாம் வந்தது. ஜெகந்நாதன் ஐயா 2013-ல் காலமானார். விருது கிடைத்தால் பேப்பரில் படம் வருகிறது, மறுநாள் அந்தப் பேப்பரில் வடை மடிக்கிறோம். பெரியவர்களை நினைப்பது என்றால் மாலை போடுவதும் கண் கலங்குவதும் மட்டும் போதாது என்பது என் கட்சி. அவர்கள் வாங்கிக் கொடுத்ததைக் கைவிடாமல் காப்பதுதான் நினைவு.

காக்க வேண்டிய நிலைமை இருக்கிறது. 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, அந்தத் தீர்ப்பின் கடுமையைப் பெருமளவு தளர்த்திவிட்டது. 2023-ல் அந்தச் சட்டத்துக்குத் திருத்தமும் வந்தது. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கப் பேச்சு ஓயவில்லை. முகத்துவாரம் மண் தூர்ந்து அடைபடுவது நமக்குப் பழகிப்போன கதை.

ஊராட்சிக்கு என் யோசனை மூன்று. ஒன்று, அந்தத் தீர்ப்பில் பழவேற்காடு ஏரி பற்றிய வரிகளைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் மாட்டுங்கள், தேதியும் இருக்கட்டும். இரண்டு, கிராம சபையில் வருஷத்துக்கு ஒரு முறை அதைப் படித்து, 1000 மீட்டருக்குள் புதிதாக ஏதாவது வெட்டப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்; பதிலை மினிட் புத்தகத்தில் ஏற்றுங்கள். மூன்று, இனி வரும் வீட்டு மனைப் பட்டா பெண்கள் பெயரில் வரட்டும் என்று தீர்மானம் போடுங்கள்.

இதற்குப் பெரிய பணமோ பெரிய மனிதரோ தேவையில்லை. என் வயதுக்காரர்கள் நாலு பேர் கிராம சபைக்குப் போய்க் கடைசி வரை உட்கார்ந்தால் போதும். எழுபது வயதில் அந்த அம்மா வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். நமக்காவது கிராம சபையில் பந்தல் போட்டு, நாற்காலியும் போட்டுத் தருகிறார்கள்.