ஆப்பிரிக்காவும் ஜோஸ்யர்களும்

உலகக் கோப்பைக் கால்பந்துப் பந்தயத்திற்கு ஆப்பிரிக்காக் கண்டத்திலிருந்து எந்தெந்த தேசங்கள் போய்ச் சேரும் என்று முன்கூட்டிச் சொல்வது இக்காலத்தில் ஒரு தொழிலாகவே வளர்ந்து விட்டது. 2026-ம் வருஷத்துப் பந்தயத்திற்காக ஆப்பிரிக்க தேசங்களை 2023-ல் ஒன்பது பிரிவுகளாக வகுத்தார்கள். பிரிவுக்கு ஒன்றாக ஒன்பது தேசங்களுக்கு முதல் தரம் அளிக்கப்பட்டது. தரவரிசைப்படி இவையே வெல்லத் தக்கவை என்பது இதன் தாத்பரியம். ஆகவே இதையே உத்தியோக பூர்வமான ஜோஸ்யம் என்று கொள்ளலாம். 2025 அக்டோபரில் பலன் தெரிந்தது. மொராக்கோ, எகிப்து, டூனிஸியா, அல்ஜீரியா, செனகால், ஐவரி கோஸ்ட் ஆகிய ஆறும் எதிர்பார்த்தபடி தேறின. நைஜீரியா, காமெரூன், மாலி ஆகிய மூன்றும் தவறின. அவற்றின் ஸ்தானங்களைத் தென்னாப்பிரிக்காவும், கேப் வெர்டேயும், கானாவும் பெற்றன.

ஒன்பதில் ஆறு பலித்ததே, அது போதாதா என்று சிலர் கேட்கலாம். பலித்த ஆறைப் பற்றி நமக்கு வியப்பில்லை. பலிக்காத மூன்றில்தான் பாடம் இருக்கிறது.

கேப் வெர்டே என்பது அட்லாண்டிக் சமுத்திரத்தில் பத்துத் தீவுகள் கொண்ட சிறு தேசம். ஜனத்தொகை சுமார் ஐந்து லட்சம். போர்ச்சுகீசிய ஆட்சியில் 1940-களில் பஞ்சத்தால் ஆயிரமாயிரமாக மாண்ட ஜனங்கள் அவர்கள். அவர்களுடைய விடுதலைத் தலைவர் அமில்கார் கப்ரால் 1973-ல் கொலையுண்டார். 1975-ல்தான் தேசம் சுதந்திரம் அடைந்தது. பிழைப்புத் தேடி லிஸ்பனுக்கும் ராட்டர்டாமுக்கும் சென்றவர்களின் பிள்ளைகளைத் தேடி அழைத்து வந்து, தீவிலே பிறந்த பிள்ளைகளோடு சேர்த்து, உள்நாட்டவரான புபிஸ்டா என்பவர் பயிற்சி கொடுத்தார். 2024 ஜூனில் காமெரூன் இவர்களை நான்குக்கு ஒன்று என்று வீழ்த்திய போது, கதை முடிந்தது என்றே பலரும் எண்ணியிருப்பர். ஆனால் 2025 செப்டம்பரில் பிராயா நகரில் அதே காமெரூனை இவர்கள் ஒரு கோலில் வென்றார்கள். அக்டோபரில் எஸ்வாத்தினியை மூன்று கோல்களால் வென்று, காமெரூனை நான்கு புள்ளிகள் பின்னே தள்ளிப் பிரிவில் முதலிடம் பெற்றார்கள்.

காமெரூனுக்கு ஆட்டக்காரர்கள் இல்லையா? இருந்தார்கள். ஆனால் பயிற்சியாளரை நியமிக்கும் அதிகாரம் கால்பந்துச் சங்கத்துக்கா, மந்திரிக்கா என்று 2024-ல் அங்கே எழுந்த சச்சரவு உலகமே பார்க்கும்படி சந்தி சிரித்தது. நைஜீரியாவின் நிலை இன்னும் பரிதாபகரமானது. ஆப்பிரிக்காவின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருது 2023-ல் ஓஸிமெனுக்கும் 2024-ல் லுக்மனுக்கும் கிடைத்தது; இருவரும் நைஜீரியர். ஆயினும் முதல் நான்கு ஆட்டங்களில் நைஜீரியா ஒன்றிலும் வெல்லவில்லை. லெசோத்தோவுடனும் ஜிம்பாப்வேயுடனும் சமன் செய்து வந்தது. எதிர்க்கட்சியான தென்னாப்பிரிக்கா, தகுதியற்ற ஓர் ஆட்டக்காரரை இறக்கிய பிழையால் மூன்று புள்ளிகள் இழந்த பிறகும் நைஜீரியாவை முந்தியது. கடைசிச் சந்தர்ப்பமாக 2025 நவம்பரில் ரபாத்தில் ஆடப் போன இடத்தில், சேர வேண்டிய ஊக்கத்தொகை வரவில்லை என்று நைஜீரிய ஆட்டக்காரர்கள் பயிற்சிக்கே போகாமல் நின்றார்கள். முடிவில் காங்கோ ஜனநாயகக் குடியரசு பெனால்டி உதைகளில் அவர்களை வென்றது. ஐரோப்பியச் சங்கங்களில் ஆடும் பெயர்களை மட்டும் எண்ணிப் பலன் சொல்பவர்களின் கணக்கில், கொடுபடாத சம்பளத்துக்கு ஏது கட்டம்?

இன்னொரு விஷயமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட நமக்கு மனம் வரவில்லை. யார் போவார்கள் என்ற கேள்விக்கு முன்னால், எத்தனை பேரைப் போகவிடுவார்கள் என்ற கேள்வி இருக்கிறது. 1966-ம் வருஷத்துப் பந்தயத்தில் இருந்த 16 ஸ்தானங்களில் ஐரோப்பாவுக்குப் பத்து. ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் ஓஷியானியாவுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று! மூன்று கண்டங்கள் ஒரு பாயில் படுக்க வேண்டுமாம். குவாமே என்க்ருமாவின் கானா முன்னின்று எதிர்க்க, 15 ஆப்பிரிக்க தேசங்கள் அப்பந்தயத்தையே பகிஷ்கரித்தன. ஒத்துழையாமையின் வலிமை இன்னதென்று அறிந்த நமது வாசகர்களுக்கு அதன் பலனை விவரிக்க வேண்டியதில்லை. 1970-ல் ஆப்பிரிக்காவுக்குத் தனி ஸ்தானம் கிடைத்தது, மொராக்கோ போயிற்று. 1982-ல் ஸ்தானம் இரண்டாயிற்று. அல்ஜீரியா மேற்கு ஜெர்மனியை வென்றது. அந்த அல்ஜீரியாவின் கால்பந்து எப்படிப் பிறந்தது? 1958 ஏப்ரலில் மெக்லூஃபி, ஸிட்டூனி முதலியோர் பிரெஞ்சுச் சங்கங்களின் பணத்தையும் புகழையும் உதறி, இரகசியமாக டூனிஸ் சென்று, விடுதலை முன்னணியின் கொடியின் கீழ் ஆடினார்கள். உலகச் சங்கம் அவர்களை அங்கீகரிக்க மறுத்தது. அங்கீகாரத்துக்காக அவர்கள் ஆடவில்லை.

1998-ல் ஐந்து ஸ்தானங்கள். 2022-ல் மொராக்கோ அரையிறுதி வரை சென்றது. ஆப்பிரிக்க தேசம் ஒன்று அதுவரை எட்டாத இடம் அது. 2026-ல் நேராக ஒன்பது. வளர்ச்சிதான். ஆனால் 55 தேசங்கள் உள்ள ஐரோப்பாவுக்குப் பதினாறு, 54 தேசங்கள் உள்ள ஆப்பிரிக்காவுக்கு ஒன்பது என்பது எந்த நியாயத்தில் சேரும்? ஐரோப்பியர் திறமை மிக்கவர் என்பார்கள். திறமை காட்ட இடமே தராமல் திறமையில்லை என்று தீர்ப்புச் சொல்லும் தர்க்கம் நமக்குப் பழைய பரிச்சயம்.

கேட்பவர்களுக்காக நமது பலனையும் சொல்லி விடுகிறோம். 2030-ம் வருஷப் பந்தயத்தை ஸ்பெயினோடும் போர்ச்சுகலோடும் சேர்ந்து மொராக்கோ நடத்துவதால், அதற்கு ஜோஸ்யம் தேவையில்லை. செனகாலும் எகிப்தும் போகும் என்பது நமது அபிப்பிராயம். கேப் வெர்டேயை இனி யாரும் எளிதாக எண்ண மாட்டார்கள். அதனாலேயே அவர்கள் பாடு இம்முறை கஷ்டமாக இருக்கும். நைஜீரியாவைப் பற்றி, அவர்களுடைய சங்கம் ஆட்டக்காரர்களின் பாக்கியைத் தீர்த்த பிறகு கேளுங்கள், சொல்கிறோம்.