கேள்வி தீர்ந்த இடத்தில் தேக்கம்

யோசனை வராதபோது வடிவமைப்பாளரின் கை முதலில் போவது பின்டரெஸ்டுக்கு, அங்கும் ஒன்றும் சிக்கவில்லை என்றால் பிஹான்ஸுக்கு. பிறர் செய்து முடித்த வேலைகளை நூற்றுக்கணக்கில் புரட்டினால் எங்காவது பொறி தட்டும் என்ற நம்பிக்கை நம் தொழிலில் ஏறத்தாழ விதியாகவே ஆகிவிட்டது. அப்படிப் பொறுக்கிய படங்களை ஒட்டிச் சேர்த்த மூட் போர்டு தயாரான பிறகுதான் வேலை தொடங்கியதாகவே கணக்கு. தேக்கத்தை வறட்சி என்று எண்ணுவதால் வந்த பழக்கம் இது. மனம் காலியாகக் கிடக்கிறது, எதையாவது ஊற்றி நிரப்பவேண்டும் என்று நினைக்கிறோம். ஆனால் தேங்கி நிற்பவரின் மனம் பெரும்பாலும் நிரம்பித்தான் இருக்கிறது. எப்போதோ பார்த்த ஒரு விடை அங்கே உட்கார்ந்துகொண்டு மற்றதற்கு இடம் கொடுக்க மறுக்கிறது.

இதற்குச் சான்று உண்டு. 1991-இல் டேவிட் ஜான்சனும் ஸ்டீவன் ஸ்மித்தும் ‘டிசைன் ஸ்டடீஸ்’ ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பொறியியல் மாணவர்களுக்கும் பணியில் இருந்த பொறியாளர்களுக்கும் சில வடிவமைப்புக் கணக்குகளைக் கொடுத்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் மாதிரி ஒன்றைக் காட்டினார்கள். மாதிரியைப் பார்த்தவர்களின் வரைவுகளில் அதன் கூறுகள் திரும்பத் திரும்ப வந்தன. அதன் குறைகளும் சேர்ந்தே வந்தன. சிந்தாத காப்பிக் கோப்பை ஒன்றுக்கான கணக்கில் உறிஞ்சுகுழல் கூடாது என்று எழுத்திலேயே சொல்லியிருந்தார்கள். ஆனால் காட்டிய மாதிரியில் குழல் இருந்தது. அதைப் பார்த்தவர்களில் பலர் தடையைப் படித்த பிறகும் குழலை வரைந்தார்கள். கண்ட மாதிரி, படித்த விதியை வென்றுவிட்டது. மூட் போர்டு நம் மீது நடத்துவதும் ஏறக்குறைய இதே சோதனைதான்.

அவர்கள் பொறியாளர்கள், நாம் அப்படியல்ல என்று ஒரு மறுப்பு எழும். நியாயமான மறுப்புதான். 1996-இல் பர்செல், கெரோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் இயந்திரப் பொறியியல் மாணவர்களையும் தொழில்துறை வடிவமைப்பு மாணவர்களையும் ஒப்பிட்டபோது, இரண்டாம் வகையினர் மாதிரியில் அவ்வளவாகச் சிக்கவில்லை, விதவிதமாகவே வரைந்தார்கள். ஆனால் கொண்டாடுவதற்கு முன் அதே ஆய்வாளர்கள் எழுப்பிய ஐயத்தையும் கேட்கவேண்டும்: வித்தியாசமாக இருக்கவேண்டும் என்பதிலேயே இவர்கள் சிக்கிக்கொண்டிருக்கலாம். நம் தொழிலின் நோயை இதைவிடத் துல்லியமாகச் சொல்வது கடினம். இதுவரை யாரும் செய்யாத ஒன்று என்ற இலக்கில் திசை எதுவும் இல்லை. பழைய விடையிலிருந்து ஓடுகிறவரும் அந்த விடையைப் பார்த்தபடியேதான் ஓடுகிறார்.

அப்படியென்றால் எங்கிருந்து தொடங்குவது? நம் நாட்டு வடிவமைப்புக் கல்வியின் தொடக்க ஆவணத்திலேயே ஒரு வழி இருக்கிறது. இந்திய அரசின் அழைப்பில் வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958-இல் அளித்த ‘இந்தியா ரிப்போர்ட்’ அது; 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் (என்ஐடி) உருவாக வித்திட்டதும் அதுவே. அதில் லோட்டாவை, நாம் சொல்லும் சொம்பை, அவர்கள் வியந்து பேசும் பகுதியைப் பலரும் அறிவார்கள். வியப்பை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் முறையை விட்டுவிட்டோம் என்பதுதான் வருத்தம். சொம்பை ஒருவர் புதிதாக வடிவமைப்பதானால், முன்முடிவுகளை முதலில் வெளியே தள்ளவேண்டும் என்கிறார்கள். அதன்பின் வருபவை முழுக்கக் கேள்விகள். எவ்வளவு நீர் பிடிக்கவேண்டும், ஏந்தும் கை எத்தகையது, தலையிலா இடுப்பிலா சுமப்பது, காலியாகவும் நிறைந்தும் இருக்கும்போது எடை எங்கே நிற்கும், கழுவ வாய் போதுமா, இன்னொரு பாத்திரத்தில் மோதினால் என்ன ஓசை எழும், உடைசலாக என்ன விலைக்குப் போகும், பரிசாகக் கொடுக்கும்போது எப்படி இருக்கும். இவற்றில் ஒன்றுக்காவது பதில் தேடத் தொடங்கியவர் தேங்கி நிற்க முடியாது, ஏனென்றால் அவருக்குச் செய்ய வேலை இருக்கிறது. எழுத்துரு உலகிலும் இதற்குச் சான்று உண்டு. அமெரிக்கத் தொலைபேசிக் கையேட்டுக்காக மேத்யூ கார்ட்டர் 1978-இல் முடித்த பெல் சென்டென்னியல் எழுத்துகளின் மூட்டுகளில் வெட்டுகள் இருக்கும். மலிவுத்தாளில் மிகச் சிறிய அளவில் வேகமாக அச்சிடும்போது மை எங்கே பரவும் என்ற கேள்விக்கான பதில் அவை.

தேக்கம் எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் சேர்க்கமுடியாது. ஏழாவது திருத்தத்தில், பாக்கி வராத மாதத்தில் கை ஓடாமல் நிற்பதற்குப் பெயர் களைப்பு. அதற்குக் கேள்விப் பட்டியல் மருந்தாகாது. சற்று விலகி இருந்தால் தானே வரும் என்பாரின் பக்கமும் உண்மை உண்டு. சியோ, ஆர்மெராட் என்ற ஆய்வாளர்கள் 2009-இல் தொகுத்த ஆய்வுகள் இடைவெளி உதவுகிறது என்றே காட்டுகின்றன. ஆனால் இடைவெளிக்கு முன் கணக்கோடு நீண்ட நேரம் மல்லுக்கட்டியவர்களுக்கே அது கூடுதலாக உதவியது. பிறர் வேலையைப் பாராமல் தொழில் கற்கமுடியாது என்பதையும் மறுக்கவில்லை. பாருங்கள், ஆனால் உங்கள் முதல் பத்துக் கிறுக்கல்களுக்குப் பிறகு பாருங்கள்.

நடைமுறையில், கேள்விகளிலிருந்து தொடங்குவதற்கான தடை வேறிடத்தில் இருக்கிறது. ‘நீட்டா, ரிச்சா, கொஞ்சம் டிரெடிஷனலா’ என்று வாடிக்கையாளரிடமிருந்து வரும் பிரீஃபில் கேள்வியே இல்லை. இனிப்புக்கடைப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நெய் எந்தப் பக்கம் ஊறும், தீபாவளிக் கூட்டத்தில் எத்தனை பெட்டி ஒன்றன்மேல் ஒன்று நிற்கும், பேருந்தின் மேல்தட்டில் எட்டு மணி நேரம் தாங்குமா, காலியான பிறகு அந்த வீட்டில் அதில் எதைப் போட்டுவைப்பார்கள் என்பதையெல்லாம் கடைக்காரர் சொல்லமாட்டார். கடையில் போய் நின்றுதான் தெரிந்துகொள்ளவேண்டும். அதற்கு இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளை நம் விலைப்பட்டியலில் லோகோவுக்கும் லேஅவுட்டுக்கும் மேலே, தனி வரியாக, தொகையோடு எழுதத் தொடங்கவேண்டும்.