வேலைவாய்ப்புத் தளங்களும் வீட்டில் ஷூ தைக்கும் பெண்களும்: எங்கள் நிலைப்பாடு

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் வீட்டிலிருந்தபடி ஷூவின் மேற்பகுதியை (அப்பர்) தைக்கும் பெண்களின் அமைப்பு நாங்கள். இணைய வேலைவாய்ப்புத் தளங்களை நாங்கள் எதிர்க்கவில்லை. எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், என்ன சம்பளம் என்று ஏஜென்டைக் கேட்காமல் ஒரு பெண் தானே பார்க்க முடிந்தால் நல்லதுதான். தமிழக அரசு 2020-இல் தொடங்கிய தனியார்துறை வேலைவாய்ப்பு இணையதளத்தில் பதிவுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் அங்கே எங்கள் பெண்களின் உழைப்புக்குக் கணக்கே இல்லை.

மொக்காசின் ஷூவின் முன்பக்கத் தையல் கைவேலை. நூல் அறுத்துவிடாமல் விரலில் துணி சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு தையலையும் ஒரே அளவில் இழுத்து முடிக்க வேண்டும். பதினைந்து வருடம் இதைச் செய்தவருக்கும் ‘முன் அனுபவம்’ என்ற கட்டத்தில் எழுத ஒன்றுமில்லை. ஜோடிக்கு இவ்வளவு என்று ஏஜென்ட் கையில் கொடுத்த காசுக்குச் சீட்டு கிடையாது, பிஎஃப் எண் கிடையாது. எந்தக் கம்பெனிக்குத் தைத்தோம் என்பதே பலருக்குத் தெரியாது. தளத்தின் பார்வையில் அவரும் நேற்றுப் பள்ளி முடித்த பெண்ணும் ஒன்று. வயதைப் பார்த்தால் அவர் அந்தப் பெண்ணுக்கும் பின்னால்.

கைபேசி இன்னொரு தடை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தாமே பயன்படுத்தும் கைபேசி இருப்பது இந்தியப் பெண்களில் 54 சதவீதத்தினருக்கே. இங்கே பதிவில் இருப்பது பெரும்பாலும் கணவர் எண் அல்லது மகன் எண். நேர்முகத்துக்கு அழைப்பு வந்தால் போவதா வேண்டாமா என்பதும் அந்தக் கையிலேயே முடிவாகிவிடுகிறது.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை, அனுபவத்துக்குச் சான்று. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2021 முதல் நடைமுறையில் உள்ள இ-ஷ்ரம் பதிவில் தொழிலைக் குறிப்பிட இடமுண்டு. அதையும் நேரடித் தையல் சோதனையையும் வைத்து அரசு திறன்சான்று தர வேண்டும். கம்பெனிகள் அதை ஏற்க வேண்டும். விளம்பரத்தில் சம்பளம், வேலை நேரம், கம்பெனி வேன் எந்த ஊர்வரை வரும், குழந்தைக் காப்பகம் உண்டா என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் வேன் வராத வேலை, பெண்ணுக்கு இல்லாத வேலை. பதிவுக்கென்று யாரும் காசு வாங்கினால் வழக்குப் போட வேண்டும்.

கம்பெனிக்குப் போக முடியாதவர்கள் தொடர்ந்து வீட்டிலேயே தைப்பார்கள். அவர்களை மற்றத் தொழிலாளர்களுக்குச் சமமாக நடத்தச் சொல்லும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177-ஆம் உடன்படிக்கை 1996-லேயே வந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை, ஏற்க வேண்டும். அதுவரை காத்திராமல், ஜோடிக் கூலியையும் வேலை கொடுக்கும் கம்பெனியின் பெயரையும் தமிழக அரசு தன் வேலைவாய்ப்பு இணையதளத்தில் வெளியிடச் செய்யட்டும்.