கூகுளுக்குத் தெரியாத கூத்து மேடை

கேளம்பாக்கம் ஜங்ஷனில் நின்றுகொண்டு செல்போனில் "பக்கத்தில் இசை, நடனம், நாடகம்" என்று தேடினால் என்ன வரும்? ஓஎம்ஆரில் ஒரு மால், ஈசிஆரில் டிஜே போடும் ரிசார்ட், முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. அப்புறம் ஒரே தாவாகத் திருவான்மியூர் கலாக்ஷேத்ரா, மயிலாப்பூர் சபாக்கள். நடுவில் இருக்கும் ஊர்களில் கலை என்ற வஸ்துவே கிடையாது போல! சிறுசேரி சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களும், சுற்றுவட்டாரக் கல்லூரி ஹாஸ்டல்வாசிகளும் இதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். "இந்த ஏரியால ஒண்ணுமே இல்லப்பா" என்பது எல்லா ஹாஸ்டலுக்கும் பொதுவான வசனம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். இணைய வழிகாட்டிகள் செய்திருக்கும் உபகாரம் சாதாரணமானதல்ல. ஒரு காலத்தில் கச்சேரி எங்கே என்று தெரிய வேண்டுமானால் செய்தித்தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் வரும் "இன்றைய நிகழ்ச்சிகள்" பார்க்க வேண்டும். இல்லையென்றால் சபா மெம்பராக ஒரு மாமா தெரிந்திருக்க வேண்டும். 1928-ல் தொடங்கிய மியூசிக் அகாடமியின் வாசலைத் தாண்ட, பரம்பரை ரசிகராக இல்லாத ஒருவருக்கு இருந்த தயக்கம் கொஞ்சநஞ்சமல்ல. எந்த சபாவில் எந்த நேரத்தில் யார் பாடுகிறார், டிக்கெட் எவ்வளவு, எந்தக் கச்சேரிக்கு இலவசமாகப் போகலாம் என்பதெல்லாம் இன்று விரல் நுனியில். மார்கழி சீசனில் முதல்முறையாக சபாவுக்குப் போகும் ஒரு மாணவனுக்கு (கேன்டீனுக்காகவே போனாலும் சரி) இது பெரிய விடுதலை. 2017-ல் இசைக்காக யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் பட்டியலில் சென்னை இடம்பெற்றது. அந்தப் பெருமையில் வெளியூர்க்காரனுக்கும் பங்கு உண்டு என்றால், அதை அவன் கையில் கொடுத்தது செல்போன்தான்.

சரி, பிரச்சனை எங்கே?

இந்த வழிகாட்டிகளுக்கு "அரங்கம்" என்றால் கட்டடம். கதவு இருக்க வேண்டும், நாற்காலி இருக்க வேண்டும், முகவரி இருக்க வேண்டும். கூகுள் தன் உள்ளூர்த் தேடலுக்குச் சொல்லும் அளவுகோல்கள் மூன்று: தேடலோடு பொருத்தம், தூரம், பிரபலம். பிரபலம் என்பது பெரும்பாலும் எத்தனை பேர் விமர்சனம் எழுதினார்கள், எத்தனை தளங்கள் இணைப்புக் கொடுத்தன என்பதுதான். டிக்கெட் விற்கும் செயலிகளுக்கோ கமிஷன் முக்கியம். டிக்கெட்டே இல்லாத நிகழ்ச்சியைப் பட்டியலிட்டு அவர்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

இந்தச் சல்லடையில் தெருக்கூத்து நிற்குமா? நிற்காது.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை மாவட்டக் கிராமங்களில் பங்குனி, சித்திரை தொடங்கி ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா நடக்கிறது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. வில்வளைப்பு, அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று நாளுக்கு ஒன்றாக வளரும். ராத்திரி பத்து மணி வாக்கில் தொடங்கினால் விடியும்வரை ஆட்டம். கடைசி நாள் தரையில் மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் படுத்திருப்பான். அதுதான் படுகளம். அது முடிந்தால் தீமிதி. நடப்பதோ கோயில் முன்னால் இருக்கும் வெற்றுத் திடல். திருவிழா முடிந்தால் அதில் மாடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். அதற்கு யார் ஐந்து நட்சத்திரம் போடுவார்கள்? :)

ஒரே ஒரு உதாரணம் போதும். மாமல்லபுரத்தில் 1992-ல் சுற்றுலாத்துறை தொடங்கிய நாட்டிய விழா முதலில் நடந்தது அர்ச்சுனன் தபசு பாறைச் சிற்பத்தின் முன்னால்தான். பிறகு கடற்கரைக் கோயில் பக்கம் போனது. (அந்தச் சிற்பம் பகீரதன் தவம் என்று சொல்பவர்களும் உண்டு, அது வேறு சண்டை.) ஏழாம் நூற்றாண்டுக் கல்லில் இருக்கும் தபசைக் காட்ட நூறு செயலிகள் இருக்கின்றன. அதே தபசைக் கூத்தில் ஒரு மனிதர் உயரமான தபசு மரத்தின் மேல் ஏறி நின்று, பாடிக்கொண்டே, மேலேயிருந்து பூவும் பழமும் வீசுவார். குழந்தை வரம் வேண்டிப் பெண்கள் கீழே முந்தானை ஏந்திக் காத்திருப்பார்கள். இதைக் காட்ட ஒரு செயலியும் இல்லை. கல்லுக்கு வழி தெரிகிறது, உயிரோடு ஆடுபவருக்குத் தெரியவில்லை.

இதில் நஷ்டம் யாருக்கு? ஜமா நடத்தும் வாத்தியாருக்குத்தான். கூத்துக்காரர்களின் வருமானம் வருஷத்தில் சில மாதங்களை நம்பியது. ஊரில் இளைஞர்கள் குறையக் குறைய, "கூத்து எதுக்கு, பாட்டுக் கச்சேரி வெச்சுடலாம்" என்று விழாக் கமிட்டி முடிவெடுத்தால் ஒரு ஜமாவுக்கு ஓர் இரவுப் பிழைப்பு போயிற்று. வெளியே மதிப்பு தெரிந்தால் உள்ளூரிலும் மதிப்பு கூடும் என்பதற்குப் புரிசையே சாட்சி. கண்ணப்பத் தம்பிரானின் கூத்தைப் பார்த்து ந.முத்துசாமி போன்றவர்கள் எழுதினார்கள், 1977-ல் கூத்துப்பட்டறை பிறந்தது, ஒரு சின்னக் கிராமத்தின் பெயர் நாடக உலகம் முழுக்கத் தெரிந்தது. காஞ்சிபுரம் பக்கம் 1990-ல் பெ.ராஜகோபால் போன்ற கலைஞர்கள் சேர்ந்து கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தார்கள். ஆனால் இப்படித் தெரிய வந்த பெயர்கள் கொஞ்சம்தான்.

"கூத்து என்பது வழிபாடு, அதைப் பொழுதுபோக்குப் பட்டியலில் சேர்த்தால் ரீல்ஸ் எடுக்கும் கூட்டம் வந்து கெடுத்துவிடும்" என்று ஓர் எதிர்வாதம் உண்டு. நியாயமான பயம்தான். வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு ஊர்க்காரர்கள் நடத்தும் விழா அது. வெளியாள் வந்து ஓசியில் பார்த்துவிட்டுப் போவதை எகனாமிக்ஸ் பாடத்தில் "இலவசப் பயணி" பிரச்சனை என்பார்கள். ஆனால் கூத்திலேயே அதற்கு மருந்து இருக்கிறது. கையில் இருப்பதை அன்பளிப்பாகக் கொடுத்தால் கட்டியங்காரன் பெயர் சொல்லி அறிவிப்பான். எந்தச் செயலியின் ஆன்லைன் ரசீதும் இதற்கு ஈடாகாது!

அப்படியென்றால் செய்ய வேண்டியது என்ன? பெரிய நிறுவனங்கள் வந்து செய்யும் என்று காத்திருப்பது வீண், அவர்களுக்கு இதில் லாபம் இல்லை. தகவல் ஏற்கெனவே அச்சாகிச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது: திருவிழா நோட்டீஸ். ஊர், கோயில், தேதி, என்ன கூத்து, எந்த ஜமா, எல்லாமே அதில் இருக்கும். ஒரு கல்லூரியின் பத்து மாணவர்கள் தத்தம் ஊர் நோட்டீஸைப் படம் பிடித்து, விழாக் கமிட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டு, ஒரே நாட்காட்டியில் ஏற்றினால் போதும். வேண்டாம் என்று சொல்லும் ஊரை விட்டுவிடலாம். படம் எடுக்கலாமா, எங்கே உட்காரலாம், அன்பளிப்பு யாரிடம் கொடுப்பது என்று மூன்று வரி சேர்த்துவிட்டால், எந்தப் பன்னாட்டு வழிகாட்டியிலும் இல்லாத வழிகாட்டி தயார். செலவு என்று பார்த்தால் ஒரு மாச டேட்டா பேக்.

இன்னொரு வசதியையும் சொல்ல வேண்டும். மயிலாப்பூர் கச்சேரி முடிந்து சுமார் 30 கி.மீ. தாண்டிக் கேளம்பாக்கம் திரும்புகிறவருக்குத் தனி ஆவர்த்தனத்தின்போதே பஸ் கவலை வந்துவிடும். கூத்துக்குப் போகிறவருக்கு அது இல்லை. அது முடிகிற நேரத்தில்தான் முதல் பஸ் வரும்.