சுவரைத் தள்ளிப் பார்

கையுறை போட்ட விரலை போன் திரை ஏன் கணக்கெடுக்குதில்லை எண்டு பிள்ளை கேட்டால், ஓரத்தில் கசிகிற மின்புலத்தைப் பற்றிச் சொல்லுங்கோ. திரைக்குள் இருப்பவை சின்னச் சின்னக் கப்பாசிற்றர்கள். விரல் கலைப்பது அந்த ஓரப் புலத்தைத்தான். தடித்த கையுறை விரலை எட்ட வைத்துவிடுகிறது.

எங்கட ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் லீ, பக்ஸ்ரன், ஸ்மித் மூவரும் பல விரல்களை உணரும் கப்பாசிற்றர் பலகையைப் பற்றி 1985இலேயே எழுதிவிட்டார்கள்.

பன்னிரண்டாம் வகுப்புப் பௌதிகம் படிக்கிற பிள்ளை ஒரு கப்பாசிற்றரை எஃப்.ஈ.எம்.எம். என்ற இலவச மென்பொருளில் வரைந்து பார்க்கலாம். 5 சென்ரிமீற்றர் ஆரையுள்ள இரண்டு மெல்லிய வட்டத் தகடுகள், நடுவில் 1 மில்லிமீற்றர் காற்று. பாடப்புத்தகச் சமன்பாடு ஓரத்தை விட்டுவிட்டு 69.5 பிக்கோபரட் என்று சொல்லும். ஓரத்தையும் சேர்த்தால் 72.5க்குக் கிட்ட வரவேணும்.

வராட்டி எல்லை நிபந்தனைகளைப் பாருங்கோ. ஒரு தகட்டுக்கு +0.5 வோல்ற்று, மற்றதுக்கு −0.5. அதோட வேலை முடியாது. முடிவில்லாத காற்றைக் கணினியால் வரைய ஏலாது. சுற்றி ஒரு சுவர் வேணும். சுவரைக் கிட்ட வைத்து 0 வோல்ற்று கொடுத்தால், அது மூன்றாவது தகடாகி விடையைக் கூட்டிவிடும். ஒண்டும் கொடாமல் விட்டால், புலம் சுவரைத் தாண்டாது என்று மென்பொருள் தானாக எடுத்துக்கொண்டு குறைத்துக் காட்டும்.

சோதிக்கிறது சுகம். சுவரை இரண்டு மடங்கு தூரத்துக்குத் தள்ளித் திரும்ப ஓடவிடுங்கோ. விடை மாறினால் இன்னும் தள்ளவேணும். இரண்டு விதமான சுவரும் ஒரே விடையைத் தந்தால் நம்பலாம்.

திரையில் வருகிற நிறப்படம் பிழையான விடைக்கும் வடிவாத்தான் இருக்கும். அதை நம்ப முதல் சுவரைத் தள்ளிப் பார்க்கப் பிள்ளையைப் பழக்குங்கோ.