நிலத்தின் முழுமை

நிலத்தை வகுத்துக் காணும் அறிவு தமிழர்க்குப் புதியதன்று. முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் எனத் தொல்காப்பியம் நிலத்தைப் பகுத்தது. பிற்கால வருவாய்க் கணக்கோ நன்செய், புன்செய், புறம்போக்கு எனப் பகுத்தது. வரி தண்டுதற்கு இப்பகுப்புப் போதும். நிலத்தை அறிதற்குப் போதாது.

ஏரிப் பாசனமுடைய ஓர் ஊரை நோக்குக. மேட்டு மேய்ச்சல் நிலத்தில் பெய்த மழைநீரை வரத்துக்கால் ஏரிக்குக் கொணர்கின்றது. ஏரிநீர் மதகின் வழியே வயலுக்குப் பாய்கின்றது. மிகுநீர் கலிங்கின் வழியே வழிந்து அடுத்த ஊர் ஏரியைச் சேர்கின்றது. இவை அனைத்தும் ஓருடம்பின் உறுப்புகள். ஆயினும் கணக்கேட்டில் வயல் நன்செய். ஏரியும் வரத்துக்காலும் மேய்ச்சல் நிலமும் புறம்போக்கு. வரிக்குப் புறம்பான நிலம் என்பதே அச்சொல்லின் பொருள். அதனைப் பயனற்ற நிலம் எனப் பிறழ உணர்ந்து வரத்துக்காலைத் தூர்த்தால், வயல் ஏட்டில் மட்டுமே நன்செய்யாக நிற்கும்.

உழவும் இயற்கையும் இணைந்து உருவாக்கிய நிலத்தை முழுமையாகக் காணும் நோக்கு உலகில் வளர்ந்து வருகின்றது. யுனெஸ்கோ நிறுவனம் 1992இல் பண்பாட்டு நிலத்தோற்றம் என்னும் வகையை ஏற்றது. 1995இல் பிலிப்பைன்சு நாட்டு மலைப்படி நெல்வயல்களை அவ்வகையில் உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவ்வயல்களின் சிறப்பு, அவற்றுக்கு நீரளிக்கும் மலைக்காட்டோடு சேர்ந்ததேயாம்.

மரபு நிலத்தை இனங்காண்பது அதனைக் காட்சிப் பொருளாக்குதல் அன்று. எவ்வுறுப்பை நீக்கின் உயிர் நீங்கும் என அறிதலே ஆகும். ஆதலின், தம் ஊருக்கு நீர் வரும் வழியையும் செல்லும் வழியையும் வரைந்து காட்ட ஒவ்வொரு மாணவரும் கற்றல் வேண்டும். அறியாத பொருளைக் காத்தல் அரிது.