நேர்காணலும் மெய்யான ஆயத்தமும்

திருவரங்கத்திலிருந்து காவிரியைக் கடந்து, துவாக்குடியிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு முதுநிலை ஆய்வுப் படிப்பின் நேர்காணலுக்குச் செல்லும் மாணவருக்கு, பிறர் தொகுத்த வினாவிடைகளை மனப்பாடம் செய்வது ஆயத்தம் ஆகாது.

திருச்சிராப்பள்ளியின் பெயரைத் தாங்கிய திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரனாரிடம் பாடம் கேட்க, 1871இல் உ.வே. சாமிநாதர் மாயூரம் சென்றார். அவர் முன்பே பயின்றிருந்த நைடதத்திலிருந்து ஒரு செய்யுளைச் சொல்லச் செய்த ஆசிரியர், அதன் பொருளையும் கேட்டார். பாடல் ஒப்பித்தல் மட்டும் அங்கே போதவில்லை.

இன்றும், இளநிலையில் செய்த திட்டப்பணியைக் குறித்து ‘ஏன் இம்முறையைக் கையாண்டீர்?’ எனத் தேர்வாளர் வினவினால், இரவல் விடைகள் உதவா. தம் பணியின் ஒவ்வொரு படிக்கும் காரணம் கூறப் பழகுதலும், அறியாததை அறியேன் என்னும் துணிவுமே மெய்யான ஆயத்தம். பயிற்சி நிலையத்திற்குச் செல்ல வசதியற்ற மாணவருக்கும் அது எட்டும்.